கருவாட்டின் மேல் தூவிய வெள்ளைத்தூள்

என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவளுக்கு நான் விஷம் கொடுத்தேன். வேண்டுமென்று கொடுக்கவில்லை. ஆனால் அவள் வயிற்றுக்குள் போனது விஷம்தான் என்று தெரிந்த பிறகும் மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். முதல் தவறை யாரிடமாவது ஓரளவு விளக்கிச் சொல்லலாம். இரண்டாவதை எனக்கே விளக்கிக்கொள்ள முடியவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மைசூரில் மண்டி மொஹல்லாவில், மிளகாய் மூட்டையும் கொத்தமல்லி மூட்டையும் இறங்கும் ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்கு மலேரியா ஒழிப்பு வேலையில் மேற்பார்வையாளர் உத்தியோகம். என் கீழே எட்டுப் பேர். பம்புகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வீட்டுச் சுவர், கூரையின் அடிப்பக்கம், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றிலும் டி.டி.டி. என்ற கொசு மருந்துத் தூள் கலந்த தண்ணீரை அடிப்பார்கள். கால்வாய்ப் பாசன ஊர்களில் குளிர்காய்ச்சல் கண்டு, விளைந்த நெல்லை அறுக்க ஆளில்லாமல் போன வருஷங்களை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் அடிக்க ஆரம்பித்த இரண்டாம் வருஷமே அந்த ஊர்களில் கம்பளி போர்த்திய ஆட்களைத் தேடவேண்டியிருந்தது. அந்தத் தூளின் மேல் எனக்கு இருந்தது நம்பிக்கை என்று சொன்னால் போதாது. கிட்டத்தட்ட பக்தி.

ஊர்க்காரர்கள் முதலில் விடமாட்டார்கள். குழந்தை குட்டி இருக்கிற வீடு, சுவரில் விஷம் அடிக்கலாமா என்பார்கள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் நின்று, டப்பாவைத் திறந்து, தூளை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வேன். மேலே ஒரு செம்புத் தண்ணீரைக் குடிப்பேன். "நோடி, ஏனூ ஆகலில்ல" என்பேன். பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் சிரிப்பார்கள். கதவு திறந்துவிடும். எத்தனை ஊரில் அப்படி நக்கினேன் என்று எனக்கே கணக்கில்லை. நக்க நக்க, அது சாப்பிடக்கூடிய பொருள்தான் என்று என் உடம்பே நம்ப ஆரம்பித்துவிட்டது.

என் மனைவிக்குச் சொந்த ஊர் கொள்ளேகாலத்துக்கு அருகே ராமாபுரம். அப்போது கொள்ளேகாலம் பக்கமெல்லாம் சென்னை ராஜ்யம், கோயமுத்தூர் ஜில்லா. நாங்கள் இருந்தது மைசூர் ராஜ்யம். அவள் ஊரிலும் அந்த வருஷம் தூள் அடித்தார்கள். அடித்த வாரத்திலேயே அவள் அண்ணன் வீட்டுப் பூனை கைகால் நடுங்கி, சுவரோரமாக இழுத்துக்கொண்டே போய்ச் செத்தது. அண்ணன் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள்.

"பூன சொவத்துல ஒரசிப்போட்டு ஒடம்ப நக்குமுங்க. அதுலதான் போயிருக்கோணும். அந்தத் தூள நம்ம ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

"அது மெட்ராஸ் தூளு. எங்க மைசூர் தூளு பூனைய ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் சமையலறைக்குள் மட்டும் அது வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். என் ஊர்களிலும் பூனைகள் செத்திருந்தன. இரண்டு மூன்று இடத்தில் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த நடுக்கத்தை நானே நின்று பார்த்திருக்கிறேன். வயசான பூனை என்று சொல்லி அனுப்பினேன்.

மகள் எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள். அவள் தும்மினால் நான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். குடிக்கும் தண்ணீரை இரண்டாம் முறை கொதிக்கவைக்கச் சொல்வேன். பள்ளிக்கூடம் விட்டு வரக் கால் மணி தாமதமானால் சந்து முனைக்குப் போய் நிற்பேன். வீட்டுச் சொந்தக்காரம்மா என்னைக் குழந்தையின் இன்னொரு தாயார் என்று கேலி செய்வார். அப்படிப்பட்ட ஆள்தான் நான் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

வைகாசியில் ஏரிகள் வற்றும்போது மீன் பிடிப்பார்கள். நாங்கள் வேலைக்குப் போன ஒரு ஊரில் எனக்கு ஒரு கூடை கொடுத்தனுப்பினார்கள். விரல் நீளக் கெண்டை, அதோடு கொஞ்சம் கெளுத்தி. என் மனைவிக்கு ஏரிமீன் என்றால் உயிர். அவள் ஊர் முறைப்படி குடல் எடுத்து, மண்பானையில் உப்பும் மஞ்சளும் அடுக்கடுக்காகப் போட்டு மூன்று நாள் வாயைக் கட்டிவைப்பாள். மீன் தன் தண்ணீரிலேயே ஊறிப் புளித்து, கண்ணைக் கரிக்கும் ஒரு வாசனை வந்ததும் எடுத்து வெயிலில் காயப்போடுவாள். ராமாபுரத்து வெயிலில் இரண்டே நாளில் மரச் சிராய் மாதிரி காய்ந்துவிடும். மைசூரில் அந்த மாதத்தில் தினமும் மத்தியானம் மேகம் கட்டும். நாலு நாளானாலும் மீன் காயாமல் நெகுநெகுவென்றே இருந்தது. ஈ மொய்த்தது. ஐந்தாம் நாள் வயிற்று மடிப்பில் புழு நெளிந்தது. அவ்வளவையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீனுக்காக அழவில்லை. தன் கைப்பக்குவம் இந்த ஊரில் செல்லவில்லையே என்று அழுதாள்.

அடுத்த வாரம் இன்னொரு கூடை வந்தது. பானையில் ஊறிய பிறகு மாடியில் பாயை விரித்துப் பரப்பினாள். மறுநாள் காலை அவள் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது நான் மாடிக்கு ஏறினேன். பையில் கொஞ்சம் தூள் கொண்டுவந்திருந்தேன். மல்துணியில் முடிந்து, புட்டு மாவு சலிப்பதுபோல மீன்களின் மேல் தட்டினேன். திருப்பிப் போட்டும் தட்டினேன். ஈக்கள் பாயைச் சுற்றி மல்லாந்து விழுந்து காலை உதைத்தன. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாளும் தட்டினேன்.

அவளிடம் சொல்லவில்லை. அது சர்க்கார் சரக்கு. தவிர, அவள் கூடாது என்று சொன்ன பொருள். எப்படியும் சமைக்கும்முன் வெந்நீரில் இரண்டு முறை அலசுவாள், எல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தூள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும் என்பது எங்கள் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம். பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மீன் நன்றாகக் காய்ந்தது. "இந்தத் தடவ ஒரு ஈ அண்டலீங்க. உப்பு சரியா நின்னுருக்குது" என்று அவள் முறத்தை என் மூக்கருகே கொண்டுவந்து காட்டினாள். கைராசி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வறுத்தாள். வெந்நீரில் அலசித்தான் வறுத்தாள். கடலை எண்ணெயில் போட்டு எடுக்க எடுக்க மகள் அடுப்பங்கரையிலேயே நின்று தின்றாள். முதல் ஈடு, அவள் பசி பொறுக்காமல் குதித்ததில் அவசரமாக எடுத்தது. பிறகு சோற்றோடும் தின்றாள். சட்டியின் அடியில் தங்கிய மீன்தூளையும் சோற்றில் பிரட்டிக் கேட்டாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். கடைசியில் சாப்பிட உட்கார்ந்த என் மனைவிக்கு ரசம்தான் மிஞ்சியது.

மூன்று மணி இருக்கும். மகள் வந்து என் மடியில் சாய்ந்தாள். "அப்பா, நாலிகெ ஜும்முனு இருக்கு" என்றாள். நாக்கை அவள் நாலிகெ என்றுதான் சொல்வாள்; தெருவில் ஒட்டிய கன்னடம். என் நாக்கு நுனியும் சாப்பிட்டதிலிருந்து மரத்த மாதிரிதான் இருந்தது. பிறகு வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளிக்கத் தம்ளரைக் கொடுத்தால் பிடிக்க முடியவில்லை. விரல்கள் தனித்தனியாக ஆடின. கண் இமை துடித்தது. சந்தில் ஒரு ஜட்கா வண்டி போன சத்தத்துக்கு உடம்பு முழுதும் தூக்கிப்போட்டது.

அந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரிந்தது. என் மனைவி குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டதென்று அலறினாள். நான் ஜட்கா பிடிக்க ஓடினேன்.

அக்ரஹாரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். மேலுக்கோட்டைப் பக்கத்து வைஷ்ணவர், வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர், தமிழில் பேசுவார் என்பதால் எங்களுக்கு அவர்தான். குழந்தையைப் படுக்கவைத்து, என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். அந்த வீட்டில் மீன் என்ற சொல்லைச் சொல்ல என் மனைவிக்கு வாய் வரவில்லை. சோறு, குழம்பு என்று இழுத்தாள்.

"மீன் வாசனை இங்கேயே வரதேம்மா. தாராளமா சொல்லுங்கோ, நான் வைத்தியன்" என்றார் அவர். ஆற்றுமீனா ஏரிமீனா, புதுசா காய்ந்ததா, நன்றாக வெந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் ஈட்டை அவசரமாக எடுத்துக் கொடுத்ததை அவள் சொன்னாள்.

ஏரியைப் பற்றி அவர் கொஞ்சம் பேசினார். கரையில் ஜனங்கள் வெளிக்குப் போவதும், மழையில் அது ஏரிக்குள் அடித்துப் போவதும், புழுவின் முட்டை மீனுக்குள் போய் மனிதர் வயிற்றில் வளர்வதும். குழந்தைகளுக்கு வயிற்றில் புழு அதிகமானால் இப்படி வலிப்பு வரும் என்றார். ஒரே வேளையில் வராது, பல நாளாக உள்ளே இருந்திருக்கும், இன்றைக்கு மீன் கிளப்பிவிட்டிருக்கும் என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வேற எதாவது உள்ளே போயிருக்குமோ? எலிப்பாஷாணம், ஊமத்தங்காய், அந்த மாதிரி?"

"இல்லீங்க" என்றேன்.

உத்தியோகம் போய்விடும் என்று பயந்தேனா, ஊர் ஊராக நக்கிக் காட்டிய நாக்கு பொய்யாகிவிடும் என்றா, என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கும் பார்வைக்கா? இத்தனை வருஷமாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். எதுவும் என் குழந்தையின் உயிரைவிடப் பெரிதில்லை. ஆனாலும் இல்லீங்க என்றுதான் சொன்னேன். சாதாரணக் குரலில் சொன்னேன்.

குடல்புழு மருந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு, காலையில் விளக்கெண்ணெய் கொடுக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மிச்சமிருந்த கருவாட்டை அப்படியே கொண்டுபோய்ப் பின்புறம் குழிதோண்டிப் போட்டாள். மண்ணைத் தள்ளிக்கொண்டே, "அரைவேக்காடா எறக்கிட்டனுங்க. பசி பசின்னு குதிச்சா, நானும் குடுத்துப்போட்டேன்" என்றாள். நான் அவளிடமிருந்து மண்வெட்டியை வாங்கி மேலும் ஆழமாகத் தோண்டினேன். நாய் எதுவும் தோண்டி எடுத்துவிடக் கூடாதே என்பது என் கவலை. நாயைப் பற்றி நினைக்க எனக்குத் தோன்றியிருக்கிறது.

ஆறு மணிக்கு மருந்தைக் குழைத்தாள். குழந்தை வாயை மூடிக்கொண்டது. என்னைத் தலையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அது உள்ளே இறங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அரை மணிகூட ஆகவில்லை. இந்தத் தடவை வந்தது நடுக்கம் இல்லை. உடம்பு வில்லாக வளைந்தது, பல் கிட்டியது, கண் மேலே சொருகியது. என் மனைவி குழந்தையின் பெயரைக் கூப்பிடவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். "ஏனுங்க, ஏனுங்க" என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்ரஹாரம்வரை ஓடினேன். டாக்டர் சந்தியாவந்தனத்தில் இருந்தார். வாசலிலிருந்தே கத்தினேன். ஈரத் துண்டோடு வெளியே வந்தார். டி.டி.டி. தூளை மீனில் தூவினேன் என்றேன். புரியாமல் பார்த்தார். மறுபடி சொன்னேன்.

"இது உமக்கு எப்போ தெரியும்?"

"மூணு மணிக்கேங்க. இங்க வந்து நின்னப்பவே தெரியும்."

பையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். வண்டியில் வரும்போது தேவையானதை மட்டும் கேட்டார். எவ்வளவு தூவினேன், எந்த எண்ணெய், அதற்குப் பிறகு பால் கொடுத்தோமா. அரைத் தம்ளர் கொடுத்தோம் என்றேன். எண்ணெயும் பாலும் அதை உடம்புக்குள் இழுத்துக்கொண்டுபோகும் என்றார். காலையில் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னதும் அவர்தான்; அதை நினைக்கிறார் என்பது அவர் கையில் தெரிந்தது. பையின் பிடியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

வலிப்பை அடக்க ஊசி போட்டார். அடங்கிய பிறகு குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, இருட்டில், சத்தமில்லாமல் படுக்கவைக்கவேண்டும், இந்த ராத்திரி தாண்டவேண்டும் என்றார். அந்தப் புழு மருந்து குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று என் மனைவியிடம் சொல்லிப் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம், "நான் சொல்லல்லே. நீர்தான் சொல்லணும்" என்றார்.

குழந்தை பிழைத்தது. மூன்று நாள் ஜன்னலில் கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். மூட்டை இறக்குகிற ஆட்களிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தம் வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். நாலாம் நாள் அவள் இட்லி கேட்டாள். வலது கைவிரலில் நடுக்கம் ஒரு மாதத்துக்கு இருந்தது. சிலேட்டுக் குச்சியைப் பிடித்து எழுதினால் கோடு நெளிந்து நெளிந்து போகும். அதைக் காட்டி அவளே சிரிப்பாள்.

வேலையை விடவில்லை. விட வசதியில்லை, காய்ச்சல் நின்றதும் பொய்யில்லை. நக்கிக் காட்டுவதை நிறுத்தினேன். என் ஆட்கள் வேலை முடிந்ததும் பம்புகளைக் கால்வாயில் அலசுவார்கள். கீழ்ப்பக்கம் பொடிமீன் வெள்ளையாக மிதக்கும். வலையில்லாமல் கிடைத்ததென்று குழந்தைகள் துணியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். இதை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அதன் பிறகு மேட்டில் குழி வெட்டி அதில்தான் அலசவேண்டும் என்று வைத்தேன். அந்தக் குழந்தைகள் எந்த ஊர், எந்த வீடு என்று எனக்குத் தெரியும். எந்த வீட்டுக்கும் போய் நான் விசாரிக்கவில்லை.

என் மனைவியிடமும் சொல்லவில்லை. குழந்தை எழுந்து நடக்கட்டும் என்று முதலில் தள்ளிப்போட்டேன். நடந்தாள். விரல் நடுக்கம் நிற்கட்டும் என்றேன். நின்றது. அதற்குப் பிறகு சொல்லாமல் இருப்பதே ஒரு பழக்கமாகிவிட்டது.

என் மனைவியோ மாறிப்போயிருந்தாள். மீன் வாங்குவதே இல்லை. யாராவது வற்புறுத்தி வாங்கவைத்தால் முள் கரையும்வரை கொதிக்கவிடுவாள், வெறும் கூழ்தான் இலைக்கு வரும். தோசை மாவு ஒரு ராத்திரிக்கு மேல் புளித்தால் கொட்டிவிடுவாள். மோர் ஒருநாள்தான். ஊறுகாய் ஜாடியைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கீரையை ஒவ்வொரு இலையாகத் திருப்புவாள். மகள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லுவாள்: புழு வைத்த மீனை அரைவேக்காடாகக் கொடுத்துப் பிள்ளையைச் சாகக் கிடத்தியது தன் கைதான் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு பொங்கலுக்கு ராமாபுரம் போயிருந்தோம். சமையலுக்கு எழுந்தவளை அவள் அண்ணி தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "நீ குந்து கண்ணு. நல்லா வேகவெக்கற வேலைதான, நாங்க பாத்துக்கறம்" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி அடுப்புப் பக்கமே போகாமல் நாலு நாளும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். பரிமாறியதை நான் சாப்பிட்டுக் கை கழுவினேன்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது ஒருநாள் கூடப் படிக்கும் பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்தாள். என் மனைவி இருவருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் ஒரு விள்ளல் எடுத்ததும் மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நோடிகொண்டு தின்னு. எங்கம்மா சமைச்சா புழு வரும். எனக்கு வந்துச்சு, சாகப் பாத்தேன்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெருமையாகக்கூடச் சொன்னாள், தனக்கு நடந்த பெரிய விஷயம் என்று. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள். நான் போய்ப் பார்த்தேன். தொட்டியருகே குந்தி, சாம்பலைத் தொட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. கழுவிவிட்டு மறுபடி சாம்பலைத் தொட்டாள்.

அந்தப் பெண் போகும்வரை பொறுத்திருந்து சொன்னேன். புழு இல்லை, என் தூள்தான் என்று. எந்தத் தூள் என்றாள். மாடியில் தட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்.

"டாக்டருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன்."

"அப்ப இந்த ரெண்டு வருசமா எனக்கு மட்டுந்தான் தெரியாது."

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எங்கண்ணனுக்கு எழுதுங்க. அவுரு எல்லார்த்தையும் கூட்டி வெச்சுத்தான் காயிதம் படிப்பாரு. நடந்தத எழுதுங்க."

எழுதினேன். நலம் விசாரித்து, மழை விசாரித்து, பிறகு விஷயத்துக்கு வந்தேன். ஈ மொய்க்காமல் இருக்க என் வேலைத் தூளைத் தெரியாமல் மீனில் தூவிவிட்டேன், குழந்தைக்கு வந்த நோய் அதனால்தான், உங்கள் தங்கையின் சமையல்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவள் நாலாவதுவரை படித்தவள். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, மெதுவாகப் படித்தாள். விரலை ஒரு இடத்தில் வைத்தாள்.

"தூவுனது தெரியாம. சரி. டாக்டரு கேட்டப்ப இல்லீன்னு சொன்னது?"

நான் பேனாவை மூடிவைத்தேன்.

"நான் மருந்து குடுத்தப்ப தலையப் புடிச்சுட்டு இருந்தீங்களே, அது? அண்ணி என்னய ஒக்காரவெச்சப்ப அங்கதான குந்தியிருந்தீங்க? வேற தாள் எடுங்க."

இரண்டாவது தாளில் எல்லாம் எழுதினேன். அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். அவள் அதையும் முழுக்கப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள். மகள் படிப்பது கன்னடப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து தெரியாது. அதனால் நானே வாசித்துக் காட்டவேண்டியதாயிற்று. வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். என் மனைவி காத்திருந்தாள், விட்டுவிடச் சொல்லவில்லை.

மகள் முடியும்வரை என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப புழுவே இல்லியா?" என்று அவளிடம்தான் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள் என் மனைவி. மகள் பாதி பின்னிய சடையோடு போய் அவள் முதுகின்மேல் சாய்ந்துகொண்டாள். கடிதத்தை இருவருமாகக் கொண்டுபோய்த்தான் தபால் பெட்டியில் போட்டார்கள்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அண்ணன் வழக்கமாக என் பெயருக்குத்தான் எழுதுவார். இது அவள் பெயருக்கு வந்திருந்தது. அவள் பின்கட்டில் உட்கார்ந்து நெடுநேரம் படித்தாள். மடித்து டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தாள். என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.